இரண்டு வரியில் நின்ற பாட்டு

பரமட்டா, சிட்னி
30 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் என் தொலைபேசி இலக்கத்தைத் தடுத்து வைத்திருப்பதாக உங்கள் மகள் றொசானா சொன்னாள். தபால்காரனை அப்படித் தடுக்க முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். தமிழில் முழுதாக ஒரு கடிதம் எழுதிக் கனகாலம். பிழைகள் இருந்தால் அதற்கும் சேர்த்துத் திட்டுங்கள்.

நான் சிட்னிக்கு வந்து மூன்று கிழமையாகிறது. இங்கே ஒரு இசைக் கல்லூரியில் நான்கு மாத வேலை. மாணவர்களின் வாத்தியக் குழுவைப் பழக்க வேண்டும். பரமட்டா ரெயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்ன அறை எடுத்திருக்கிறேன். ஒஹாயோவில் பதினான்கு வருடம் எண்பது பேர் கொண்ட இசைக்குழுவை நடத்தியவனுக்கு இது இறக்கம்தான். அதை உங்களிடம் மறைத்து என்ன காணப்போகிறேன்.

யூன் பதினான்காம் திகதி அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை என்று அறிந்தேன். நான் வரலாமா? இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் முன்னுரை.

அடக்கத்தன்று நடந்ததைப் பற்றி நீங்கள் என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை. சேமக்காலையில் அம்மாவின் குழிக்குப் பக்கத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். என் பக்கத்தையும் ஒருமுறை சொல்ல விடுங்கள். மூன்று விமானம் மாறி, பூசை தொடங்கக் கொஞ்சம் முன்னர்தான் கோயிலுக்குள் வந்து முன் வரிசை வாங்கில் இருந்தேன். நித்திரை இல்லை. அம்மாவின் முகத்தைச் சரியாகப் பார்க்கவுமில்லை. பெட்டியைத் தூக்குகிற நேரம் உங்கள் பாடகர் குழு அம்மாவுக்குப் பிடித்த அந்த மாதா பாட்டைத் தொடங்கியது. சுருதி நன்றாக இறங்கிக் கிடந்தது. எங்கள் ஊர் பேசாலைக் கோயிலில் அம்மா பாடிக் கேட்ட பாட்டு அது. எந்தச் சுருதியில் பாடுவார் என்பது என் காதில் அப்படியே இருக்கிறது.

என் தொழில் அதுதான் அக்கா. பிழையாகக் கேட்டால் கையைத் தூக்கி நிறுத்துவது. நாற்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன். கால் எழும்பியதும் எனக்குத் தெரியாது, கை எழும்பியதும் தெரியாது. இரண்டு வரியோடு பாட்டு நின்றுவிட்டது. பிறகு கீபோர்ட் வாசித்த பிரஷாந்தனிடம் போய்ச் சுருதியை ஏற்றச் சொல்லி, “இதிலயிருந்து எடுப்பம்” என்று உங்கள் இடத்தில் நின்று முதலிலிருந்து பாடவைத்தேன்.

அது மரியாதை இல்லை என்று தெரிகிறது. ஆனால் அம்மாவை ஒழுங்கான சுருதியில் வழியனுப்ப வேண்டும் என்பதைத் தவிர என் மனதில் வேறொன்றும் இருக்கவில்லை. அதை நம்புங்கள்.

உங்கள் தம்பி,
எமிலியானுஸ்


ஸ்பிரிங்வேல், மெல்பேர்ண்
11 ஏப்ரல் 2025

எமிலியானுஸ்,

கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். கடிதம் போட்டவருக்கு மறுமொழி போடாமல் விடுவது அம்மா எங்களைப் பழக்கிய பழக்கமில்லை. ஆகவே எழுதுகிறேன். சந்தோஷப்படாதே.

காலும் தெரியாதாம், கையும் தெரியாதாம். பேய் பிடித்தவன் சொல்கிற கதை மாதிரி இருக்கிறது. உன் பக்கத்தில் நீ பாதியைத்தான் சொல்லியிருக்கிறாய். மிச்சத்தை நான் சொல்கிறேன். நீ ஏற்றிய சுருதி எங்களுக்கு எட்டவில்லை. மேலே போகிற இடத்தில், மேல்குரல் பாடுகிற சிவனேஸ்வரிக்குத் தொண்டை உடைந்து இருமல் வந்தது. அவளுக்குப் பின்னால் நின்ற மூன்று பேர் வாயை மட்டும் அசைத்தார்கள். நீயோ கண்ணை மூடிக்கொண்டு கையை ஆட்டிக்கொண்டிருந்தாய். பெட்டியைத் தூக்கியவர்கள் பாரத்தோடு நடுக் கோயிலில் நின்றார்கள். பாட்டுத் தொடங்கி நிற்க, திரும்பத் தொடங்க, எந்தக் காலை முன்னுக்கு வைப்பது என்று அந்த மனிசருக்குத் தெரியவில்லை. எங்கள் அம்மா அவர்களின் தோளில் காத்துக்கொண்டிருந்தார்.

வந்த சனம் முந்நூறுக்குக் குறையாது. இன்றைக்கும் நான் ஸ்பிரிங்வேல் கடையில் கீரை வாங்கப் போனால் யாராவது ஒருத்தி, “அண்டைக்குப் பாட்டை நிப்பாட்டினது உங்கட தம்பியே?” என்று கேட்கிறாள். ஓம் என்கிறேன். வேறு என்ன சொல்ல?

இருபத்திரண்டு வருடம் அந்தக் குழுவின் முன்னால் நின்றவள் நான். டண்டினொங் தொழிற்சாலையில் பகல் முழுக்க நின்று பெட்டி அடுக்கிவிட்டு, அதே வீங்கின காலோடு வெள்ளிக்கிழமை பின்னேரம் போய்ப் பழக்கினேன். எனக்கு நீ படித்த சங்கீதம் தெரியாது. அந்தப் பதினேழு பேருக்கும் எங்கே மூச்சு முட்டும் என்று தெரியும். நீ என் தோளில் கையை வைத்து என்னை ஒதுக்கினாய். அதற்குப் பிறகு நான் குழுவின் முன்னால் நிற்கவில்லை. பிரஷாந்தன் தலையை ஆட்டித் தொடக்கிவிடுகிறான், அவர்கள் பாடுகிறார்கள். நான் கடைசி வாங்கில் இருந்து பூசை காண்கிறேன்.

நாங்கள் ஏன் அவ்வளவு கீழே பாடினோம் என்று ஒரு தரமாவது கேட்டாயா? அன்றைக்கு வேண்டாம், பிறகு, இந்தப் பத்து மாதத்தில்?

ஆண்டுப் பூசைக்கு வராதே. சிட்னியிலும் கோயில் இருக்கிறது.

அருள்நாயகி


பரமட்டா
24 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஏன் கீழே பாடினீர்கள்? இப்போது கேட்கிறேன். பிந்தித்தான் கேட்கிறேன்.

பெட்டி தூக்கியவர்களை நான் பார்க்கவே இல்லை. உங்கள் கடிதத்தில் அந்த இடத்தை வாசித்த பிறகு இரண்டு நாள் கல்லூரியில் ஒழுங்காக வேலை செய்ய முடியவில்லை.

ஆனால் என்னிடமும் ஒரு கேள்வி இருக்கிறது, கோபிக்காதீர்கள். அம்மா ஆறு மாதம் வருத்தமாக இருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தொலைபேசி எடுத்தபோதெல்லாம் “கொஞ்சம் சளி” என்றார். நீங்களும் பக்கத்தில் இருந்து “சளிதான்” என்றீர்கள். என் புதிய இசைக்கோவையின் கடைசி ஒத்திகை நடக்கிறது, இடைவேளையில் தொலைபேசியைப் பார்த்தால் உங்கள் செய்தி: “அம்மா போயிட்டா.” முன்னுக்கு ஒரு எச்சரிக்கையும் இல்லை. அது மூன்று வருடம் எழுதிய இசை. உதவிக்கு இருந்தவரிடம் இசைக்குழு நடத்துகிற கோலைக் கொடுத்துவிட்டு விமான நிலையத்துக்குப் போனேன். அவர் நடத்தினார், சனம் எழும்பி நின்று கை தட்டியதாம். நான் எழுதியதை நான் இன்னும் கேட்கவில்லை. யாரோ பதிவு அனுப்பினார்கள், திறக்க மனம் வரவில்லை.

என் வேலை என்னவென்று உங்களுக்கு ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. அம்மா ஊர்ச் சனத்திடம் “மகன் அமெரிக்காவில மியூசிக் டிறெக்டர்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கொண்டக்டர் என்று சொன்னால் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்களாம். இருபது வயதில் ஒரு குருவானவர் பிடித்துக் கொடுத்த படிப்புக்காக அமெரிக்கா போனேன். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் கோப்பை கழுவினேன், போலந்துக்காரரின் கோயிலில் ஓர்கன் வாசித்தேன். பிறகு பெரியவர் ஒருவரிடம் உதவியாளனாக ஒன்பது வருடம். அவர் ஒத்திகை நடத்துவார், நான் மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து எந்த வாத்தியம் அமுங்குகிறது, எது பிசகுகிறது என்று குறித்துக் கொடுப்பேன். பிழை பிடிக்கிற காது என்று எனக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயரால்தான் ஒஹாயோ இசைக்குழு என் கைக்கு வந்தது. நானும் எழுதினேன், மற்றவர் இசையையும் நடத்தினேன். பத்திரிகைகளில் துல்லியம், துல்லியம் என்று எழுதினார்கள்.

போன வருடம் அவர்கள் என்னை இன்னொரு தவணைக்கு வைக்க விரும்பவில்லை. வாத்தியக்காரர்கள் வாக்களித்துத்தான் அந்த முடிவு. விடைபெறப் போனபோது செல்லோ வாசிக்கிற கிழவர் ஒருவர் கேட்டார், “எமில், இத்தனை வருடத்தில் ஒத்திகையில் ஒரு பக்கத்தையாவது நிறுத்தாமல் எங்களை வாசிக்க விட்டாயா?” நான் யோசித்துப் பார்த்தேன். விட்டதாக ஞாபகம் இல்லை. என் மனைவியும் ஏறக்குறைய அதையே வேறு சொற்களில் சொல்லிவிட்டுத்தான் பிரிந்து போனாள்.

பரிதாபம் தேடி இதை எழுதவில்லை. நீங்கள் அன்றைக்குக் கண்டது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை என்று சொல்ல வந்தேன். அது ஆறுதலா, இன்னும் மோசமா என்று எனக்கே தெரியவில்லை.

பூசைக்கு வர விடுங்கள் அக்கா. கடைசி வாங்கில் இருந்துவிட்டுப் போகிறேன்.

எமிலியானுஸ்


ஸ்பிரிங்வேல்
6 மே 2025

தம்பிக்கு,

கடிதத்தை றொசானாவுக்கும் வாசித்துக் காட்டினேன். “மம், ஜஸ்ட் கோல் ஹிம்” என்கிறாள். இவர்களுக்கு எல்லாம் ஒரு கோலில் முடிந்துவிடும். போனில் கதைத்தால் நான் இடையில் அழுவேன், நீ இடையில் திருத்துவாய். கடிதமே நல்லது.

கேட்டாய், சொல்கிறேன். அம்மா மெல்பேர்ணுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் குழுவில் பாடியவர். எண்பது தாண்டியதும் மேல் சுரங்கள் எட்டவில்லை. அந்த மாதா பாட்டில் உயருகிற இடம் வந்தால் வாயை மூடிக்கொண்டு கீழே பார்ப்பார். அதைப் பார்க்க எங்களுக்குத் தாங்கவில்லை. பிரஷாந்தனின் கீபோர்டில் ஒரு பொத்தான் இருக்கிறதாம், அதை அமுக்கினால் விரல் பழைய இடத்திலேயே வாசிக்கும், சத்தம் மட்டும் இறங்கி வரும். ஒருநாள் அவன் யாரிடமும் கேளாமல் கொஞ்சம் இறக்கினான். அம்மாவுக்கு எட்டியது. அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம். அதற்கு அடுத்த வருடம் இன்னும். மேல்குரல்காரர் எல்லாம் முணுமுணுத்தார்கள். சிவனேஸ்வரி, “அக்கா, எனக்குக் கிணத்துக்குள்ள நிண்டு பாடுற மாதிரிக் கிடக்கு” என்றாள். ஆனாலும் பாடினாள். அம்மாவிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. அவருக்கு அது கடைசி வரை தெரியாது. பூசை முடிந்து காரில் ஏறும்போது, “இந்த வயசிலயும் எனக்கு எட்டுது, பாத்தியே?” என்பார். அந்த ஒரு கேள்விக்காக நாங்கள் எவ்வளவு கீழேயும் இறங்கியிருப்போம்.

அடக்கத்தன்று காலையில் பிரஷாந்தன் என்னிடம் வந்தான். “அன்ரி, இனிச் சுருதியை ஏத்தவோ?” என்று கேட்டான். நான் மறுமொழி சொல்ல முந்தி சிவனேஸ்வரி, “வேண்டாம். அவவின்ர சுருதியிலயே கிடக்கட்டும்” என்றாள். நீ நிறுத்தியது அதைத்தான் தம்பி. எங்கள் பிழையை அல்ல.

மற்றக் கேள்விக்கும் மறுமொழி சொல்ல வேண்டும். உன்னிடம் சொல்லாதே என்று அம்மா என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். “மூண்டு வரியமா எழுதினவன். கச்சேரி முடியட்டும். இப்ப சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வருவான்” என்றார். டாக்டர் யூலை வரை தாங்கும் என்றார், நானும் நம்பினேன். நீ அதையெல்லாம் போட்டுவிட்டுத்தான் ஓடி வந்தாய், அம்மாதான் இருக்கவில்லை. அவர் என்ன சத்தியம் வாங்கியிருந்தாலும் நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். கடைசிக் கிழமை அவர் கதவுப் பக்கம் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பார். யாரை என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தக் கோபத்தை நீ என்மேல் வைத்திரு. அது நியாயமான கோபம்.

பூசைக்கு வா. ஆனால் ஒரு நிபந்தனை. பாட்டைப் பற்றி நீ வாய் திறக்கக்கூடாது. பூசைக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நல்லது, கெட்டது, ஏற்றம், இறக்கம் ஒன்றும் சொல்லக்கூடாது. குழுவில் உள்ளவர்கள் உன்னை நினைத்தாலே நடுங்குகிறார்கள். கை இரண்டும் மடியில் இருக்க வேண்டும். சம்மதமென்றால் எழுது.

அக்கா


பரமட்டா
14 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சம்மதம்.

இதற்கு மேல் எழுத முடியாமல் நாலைந்து நாள் கடிதத்தை மேசையில் வைத்திருந்தேன். அம்மாவின் குரலுக்கு எட்டுகிற மாதிரிப் பதினேழு பேர் கீழே இறங்கி வந்திருக்கிறார்கள். நான் முன் வாங்கில் இருந்து அதைப் பிழை என்று பிடித்தேன். என் காதைப் பற்றி உலகம் சொன்ன நல்ல வார்த்தைகள் எல்லாம் இப்போது எனக்குக் கேலி மாதிரிக் கேட்கிறது.

சத்தியத்தைப் பற்றி நான் கோபப்படவில்லை. நான் எப்படிப்பட்டவனென்று தெரிந்துதான் அம்மா அதைக் கேட்டிருக்கிறார். கச்சேரி என்றால் இவனுக்கு உயிர் என்று நினைத்தார். அப்படி நினைக்க வைத்தது நான்தான். பதினொரு வருடம் வராதவனைப் பற்றி ஒரு தாய் வேறு என்ன நினைப்பார்?

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டுமென்று எழுதினேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அது பாட்டைப் பற்றியது. அன்றைக்கு எனக்குக் கிடைத்தது முதல் இரண்டு வரிதான். இதற்கு மேல் சொன்னால் நிபந்தனையை இப்போதே மீறியவனாவேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகுகிறேன். விட்டுவிடுங்கள்.

வெள்ளி இரவு றொசானா வீட்டில் தங்குவேன். உங்களுக்குக் கரைச்சல் தரமாட்டேன்.

எமிலியானுஸ்


ஸ்பிரிங்வேல்
28 மே 2025

தம்பிக்கு,

றொசானா வீட்டில் என்னத்துக்கு? இங்கே அம்மாவின் அறை சும்மாதான் கிடக்கிறது. குளிர் தொடங்கிவிட்டது, கம்பளிச் சட்டை கொண்டு வா. சிட்னிக் குளிர் என்று நினைத்து வந்து நடுங்காதே.

உனக்கு ஒரு செய்தி. நான் திரும்பக் குழுவின் முன்னால் நிற்கிறேன். நீ வருகிறாய் என்று சொன்னதும் அவர்களே வீட்டுக்கு வந்து கூப்பிட்டார்கள். முன்னே எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் பழக வருவார்கள். இப்போது கிழமையில் மூன்று நாள் பழகுகிறோம். வருடக்கணக்காக நேரத்துக்கு வராத ஆட்கள் எல்லாம் எனக்கு முன்னரே வந்து கதிரை அடுக்கி வைத்திருக்கிறார்கள். சிவனேஸ்வரி ஐஸ் தண்ணியை விட்டுவிட்டாள். தொண்டை நோகுது, நோகுது என்று முனகிக்கொண்டே பாடுகிறாள், ஒருநாளும் தவறவிடவில்லை. “அங்கிள் இந்தமுறை ஒண்டும் சொல்லேலாது” என்று பிரஷாந்தன் சிரிக்கிறான்.

நீ கிழித்த தாளில் என்ன இருந்தது என்று நான் கேட்க மாட்டேன். வந்து பாட்டைக் கேள், அவ்வளவுதான். உனக்கு ஒரு ஆச்சரியம் வைத்திருக்கிறோம். போன வருடக் கணக்கு இந்தப் பூசையோடு தீர்ந்துவிடும் என்று எனக்கு மனம் சொல்லுகிறது. இந்த ஒரு வருடத்தில் இப்போதுதான் கொஞ்சம் நித்திரை வருகிறது.

உனக்கு மீன் குழம்பு வைக்கவா, இறைச்சி வைக்கவா? இந்த ஊரில் எங்கள் மீன் கிடைக்காது, ஆனால் சமாளிக்கலாம்.

அக்கா


பரமட்டா
19 யூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். குழம்புக்கும் கட்டித் தந்த மாசிச் சம்பலுக்கும் நன்றி. அம்மாவின் கட்டிலில் இரண்டு இரவு படுத்ததற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ரெயில் நிலையத்தில் நீங்கள் கேட்டீர்கள், “ஏனடா ஒரு சொல்லும் சொல்லாமல் போறாய்?” என்று. நிபந்தனை உங்களுடையதுதானே என்று பகிடியாகச் சொல்லித் தப்பினேன். உங்கள் முகம் வாடியதைக் கண்டேன். பூசைக்குப் பிறகு மண்டபத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு எல்லாரும் என்னைச் சுற்றி நின்றதையும் கண்டேன். சிவனேஸ்வரி அக்கா இரண்டு தரம் கிட்ட வந்தார். நான் “நன்றி” என்று மட்டும் சொன்னேன். அவர் கோப்பையோடு திரும்பிப் போனார். அவர்கள் எல்லாரிடமும் சொல்லுங்கள்: நன்றாகப் பாடினார்கள். ஒரு குரலும் உடையவில்லை. உயருகிற இடத்தில் எல்லாரும் ஒன்றாகப் போய் ஒன்றாக இறங்கினார்கள். அமெரிக்காவில் காசு வாங்கிப் பாடுகிறவர்கள் கூட அந்த இடத்தில் தடுமாறுவதை நான் கண்டிருக்கிறேன். இது முகத்துக்காகச் சொன்னதல்ல. நான் முகத்துக்குச் சொல்கிறவன் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். இனிமேல் எழுதுவதை வாசிக்க வேண்டாம்.

அக்கா, நான் காத்திருந்தது மற்றச் சுருதிக்கு. நான் கிழித்த தாளில் இருந்தது அதுதான்: அந்தப் பாட்டை அம்மாவின் சுருதியில் ஒருமுறை கடைசி வரை பாடுங்கள், நான் நிறுத்திய இடத்தைத் தாண்டிப் போவதைக் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். உங்கள் ஆச்சரியம் அதுதான் என்று நம்பி வந்தேன். தொண்டை நோகிறது என்று நீங்கள் எழுதியபோதே விளங்கியிருக்க வேண்டும், கீழே பாடுவதற்கு யாருக்குத் தொண்டை நோகும்? எனக்கு விளங்கவில்லை. பிரஷாந்தன் முதல் சுரத்தைத் தொட்டான். நான் போன வருடம் கொடுத்த அதே சுரம். எனக்காக, நான் சரி என்று சொன்ன உயரத்துக்கு, அத்தனை வயதான குரல்களையும் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறீர்கள். அம்மாவுக்கு எட்டாத உயரம் அது. உள்ளே வர அவருக்கு இடமில்லாமல் போய்விட்டது போல இருந்தது.

கையைத் தூக்கிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு இருந்தேன். பாட்டு முடிந்தது. அன்றைக்கு நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தினேன். இந்தமுறை நிறுத்தவில்லை, அது சரிதான் என்று நினைக்கிறேன். அவர்கள் முகத்தில் இருந்த பெருமையை நான் இன்னொரு தரம் உடைத்திருந்தால் நீங்கள் என்னை மன்னித்திருக்க மாட்டீர்கள்.

இதை உங்களுக்கு எழுதியிருக்கக் கூடாது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. யூலையில் வேலை முடிகிறது. பிறகு ஒஹாயோவுக்குத் திரும்புகிறேன். அங்கே என்ன செய்வேன் என்று தெரியாது.

எமிலியானுஸ்


ஸ்பிரிங்வேல்
27 யூன் 2025

தம்பிக்கு,

நீ வாசிக்கச் சொன்னதைக் குழுவுக்கு வாசித்தேன். சிவனேஸ்வரி அழுதாள். பிரஷாந்தன் அந்த இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னான், திரும்ப வாசித்தேன். வாசிக்க வேண்டாம் என்றதை வாசிக்கவில்லை. அது என் தலையணைக்குக் கீழே இருக்கிறது.

சுருதியை ஏற்றுவோம் என்று முதலில் சொன்னது அவர்கள். போன வருடம் முந்நூறு பேருக்கு முன்னால் தொண்டை உடைந்த வெட்கம் அவர்களுக்கு. “உங்கட தம்பி ஒருக்கா கேக்கட்டும், எங்களாலயும் ஏலும்” என்றார்கள். நான் மறித்திருக்கலாம். அது அம்மாவுக்கான பூசை, உனக்கான பூசையில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ சரி என்று சொன்ன சுருதியில் பாடிக் காட்டினால் நீயும் நானும் பழையபடி ஆகிவிடுவோம் என்று நினைத்தேன். ஒரு வருடம் உன்னோடு கோபித்தவள், கடைசியில் நீ மெச்ச வேண்டும் என்று அம்மாவை விட்டுவிட்டேன். உன்னில் பிழை சொல்ல இனி எனக்கு என்ன தகுதி?

இப்போது திரும்பவும் இறக்குவோமா என்று கேட்டுப் பார்த்தேன். அவர்களுக்கு மனமில்லை. உயரத்தில் பாடி உன் கையால் நல்ல பெயர் வாங்கிவிட்டார்கள், இனி யார் கிணற்றுக்குள் இறங்குவார்கள்? நானும் வற்புறுத்தவில்லை.

நீ உன் பக்கத்தை எழுதினாய். என் பக்கத்தில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பிரஷாந்தன் முதல் சுரத்தைத் தொட்டதுமே என் கண் அம்மாவின் படத்துக்குப் போனது. ஒரு மாதம் அதே சுரத்தில் பழகியவள்தான், பழகும்போது ஒன்றும் தெரியவில்லை. கோயிலில், அந்தப் படத்துக்கு முன்னால் அது எழும்பியபோதுதான், ஐயோ, இதில் அம்மா இல்லையே என்று விளங்கியது. நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன். என்னால் முடியவில்லை. சனம் நிரம்பியிருக்க, பூசைக்கு நடுவில், கையைத் தூக்கி ஒரு பாட்டை நிறுத்துகிற துணிவு என்னிடம் இல்லை. அப்படியொரு துணிவு எங்கள் குடும்பத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருக்கிறது.

அதனால்தான் நான் குழுவைப் பார்க்காமல் திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ கண்டாயோ தெரியாது, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இரண்டு வரி போனது. இப்போது எழும்புவான், இப்போது எழும்புவான் என்று பார்த்தேன். மூன்றாம் வரியும் போனது. கையைத் தூக்கடா என்று மனதுக்குள் கத்தினேன். நீ கல்லுப் போல இருந்தாய்.

பிறந்த நாளிலிருந்து நான் சொன்ன ஒன்றையும் கேளாதவன், அன்றைக்குத்தானா தம்பி, என் சொல்லைக் கேட்க வேண்டும்?

அக்கா